குடைக்குப் போடாதீங்க

என் வீட்டுக்காரர் சங்கரன்கோவில் சேர்மன் தேர்தலில் நின்றார் என்றால் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். நானே அப்போது நம்பவில்லை. மிளகாய் வத்தல் மண்டியில் எடை போடுகிற ஆள் அவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே நாங்கள் எல்லாரும் தும்முவோம். அந்த மனுஷன் ஒரு மத்தியானம் வந்து, "ஏட்டி, நான் எலெக்சன்ல நிக்கேன்" என்றார். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று மோர் கொடுத்தேன்.

பல வருஷம் நடக்காமல் கிடந்து எண்பதுகளில் நடந்த தேர்தல் அது. மண்டி முதலாளியும் நின்றார். அப்புறம் இவர் எதற்கு? ஒரு வேட்பாளருக்கு இத்தனை வண்டி, இவ்வளவு செலவு, பூத்துக்கு ஒரு ஏஜெண்டு என்று கட்டுப்பாடு இருக்கிறதாம். முதலாளிக்கு அது பத்தவில்லையாம். அதனால் இவர் பேரில் ஒரு மனு. டெபாசிட்டும் முதலாளியே கட்டிவிட்டார். இவர் பேருக்குக் கிடைக்கிற வண்டிகள் முதலாளிக்காக ஓடும், ஏஜெண்டுகள் முதலாளிக்காக உட்காருவார்கள்.

"பணக்காரன் இஷ்டத்துக்குச் செலவழிச்சிரக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்காவ. அதனாலதான் நான் நிக்கேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நெசமாவே நிக்கீங்களா, இல்லையா?"

"நிக்கேன். ஆனா ஓட்டுக் கேக்கக் கூடாது."

"கேக்காம எப்படி ஜெயிப்பீங்க?"

"ஜெயிக்கவா நிக்கேன்? மண்டி வேல நிலைக்கணும்லா" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இவருக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. ஜீப் கண்ணாடியில் இவர் பேர் போட்ட அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கும். மேலே கட்டிய ஒலிபெருக்கி முதலாளியின் சின்னத்தைச் சொல்லிக் கத்தும். எங்கள் வாசலைத் தாண்டும்போது அந்த டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். குழாயடியில் மட்டும் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். "சேர்மன் வீட்டம்மா, நீங்க முதல்ல பிடிங்க." கேலியா மரியாதையா என்று தெரியாமல், குடம் நிறைந்தவரை லாபம் என்று வந்துவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் தறி ஓட்டுகிற தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். "அண்ணாச்சி, எங்க தெரு ஓட்டு குடைக்குத்தான். காசு உள்ளவனுக்குப் போட்டுப் போட்டு அலுத்துட்டு. நீங்க எங்கள மாதிரி கைய ஊனிக் கரணம் போடுத ஆளு" என்றார்கள். இவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன். போடுங்கள் என்றும் சொல்ல முடியாது, போடாதீர்கள் என்றும் சொல்ல முடியாது. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார் கடைசியில்.

அவர்கள் போன பிறகு மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவினார். மறுநாள் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வாங்கி வந்தார். சாப்பிடும்போது, "நம்ம தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி விட முடியாதாட்டி?" என்று கேட்டார். என்னிடம் கேட்டு என்ன? ஆனாலும் முடியும் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதலாளி காதுக்குப் போகாமல் இருக்குமா? கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "தறிக்காரத் தெருவுக்குப் போயி, குடைக்குப் போடாதீங்கன்னு நானே சொல்லணுமாம். இல்லன்னா நாளையிலருந்து மண்டிக்கு வரவேண்டாம்னுட்டாவ." போனார். வீடு வீடாகப் போய், எனக்குப் போடாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். சிலர் சிரித்தார்களாம். ஒரு அம்மா மட்டும், "உடம்புக்கு ஏதும் செய்யுதா அண்ணாச்சி?" என்று விசாரித்தாளாம்.

என்னிடமும் சொன்னார்: "நீயும் மொதலாளிக்குத்தான் போடணும். வெளயாடாத."

ஓட்டுப் போடுகிற அன்று பூத்துக்குள் ஒரு ஏஜெண்டுப் பையன் இவர் பேர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் பேரை வாசித்தபோது நான் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். புருஷன் பேர் அச்சில் இருக்கிறது. புருஷன் பேச்சைக் கேட்பதா, புருஷனுக்குப் போடுவதா? யோசித்துக்கொண்டே நின்றதில் பின்னால் வரிசையில் முனகினார்கள். குடை மேலேயே ஓங்கிக் குத்திவிட்டு வந்தேன்.

முதலாளி ஜெயித்துவிட்டார். ஓட்டு எண்ணி முடிந்து இவர் வந்தபோது வேட்டுச் சத்தம் ஊரைக் கலக்கியது. செருப்பைக் கழற்றாமலே, "குடைக்கும் கொஞ்சம் ஓட்டு விழுந்திருக்குட்டி. அத்தன சொல்லியும் யாரு போட்டிருப்பா?" என்றார்.

"ஒண்ணு நான் போட்டது."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மொதலாளிக்குப் போடச் சொன்னேன்லா? தெரிஞ்சா என்ன ஆகும்?"

"சரி, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

செருப்பைக் கழற்றினார். "மொதலாளிக்குத்தான்" என்றார்.

"மறைப்புக்குள்ள ஒருத்தரும் பாக்கலையே."

"தெரியும்" என்றார்.