சுவருக்கு அந்தப் பக்கத்தவர்

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டோடு ஒட்டிய வீட்டில் அவர் இருந்தார். நரைத்த மீசை, எப்போதும் சிவந்த கண்கள். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர். நான் அப்போது மரம் சீவும் சீவுளி ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருந்தேன். இரும்பு உடல், தேக்குக் கைப்பிடி. அரத்தால் இரும்பை அராவத் தொடங்கியதும் அவர் சுவரில் குத்துவார். எனக்கும் கோபம் வரும். என் வீட்டில் நான் செய்கிறேன் என்று இன்னும் அழுத்தி அராவுவேன்.

வேலை முடிந்ததும் சமாதானம் பேசலாம் என்று, சீவுளியோடு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

"அண்ணை, இனிச் சத்தம் வராது. இதைத்தான் செய்தனான்."

"உமக்கு இதுதான் தொழிலோ?"

"இல்லை அண்ணை, சும்மா ஒரு பொழுதுபோக்கு."

"என்ர நித்திரை உமக்குப் பொழுதுபோக்கோ?"

கேட்டுக்கொண்டே சீவுளியைப் பறித்துக் கவிழ்த்தார். அதன் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"இடப்பக்கம் தாழ்வு. இது ஒழுங்காச் சீவாது."

அதை என் கையில் திணித்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து இரும்பு அளவுகோலை அதன் அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்தில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது.

அதைத் திருத்த இன்னும் மூன்று பகல் அராவினேன். மூன்று பகலும் அவர் சுவரில் குத்தினார். பிறகு தெருவில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தக் குறையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஏன் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.