ழகரம் காட்டிய வழி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன ஆள் நான். மூன்றாம் வகுப்பிலேயே பால் பாக்கெட் முதல் பஸ்ஸின் நெற்றி வரை எதைக் கண்டாலும் சத்தமாக வாசித்துவிடுவேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அதனால், பேரையூரிலிருந்து சோழவந்தானுக்கு, நான் அதுவரை பார்த்திராத அத்தை வீட்டுக்குப் புறப்பட்ட அந்த வெள்ளிக்கிழமை, வழி சொல்லும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார்.

"போர்டைப் பாத்துச் சொல்லு தாயி. நீ சொல்ற பக்கம் திருப்புறேன்."

அத்தை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் அப்பா. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் ஆடி அசைந்து போய்ச் சேரலாம் என்று விடியும்போதே கிளம்பினோம்.

வண்டி, அப்பா சம்பளத்துக்கு ஓட்டிய குட்டியானை. பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் சீர்த்தட்டுகள். முன்னால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். ஈரச் சாக்கும் வெற்றிலையும் கலந்த வாசம் எப்போதும் போல வண்டிக்குள் நிறைந்திருந்தது.

கரிசல் காட்டின் மேல் வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. டீக்கடை கண்ட இடமெல்லாம் அப்பா நிறுத்தினார். எனக்குக் கண் சொக்கும். உடனே ஒரு ஊர்ப் பெயர் வந்து எழுப்பும். நான் வாசித்த பிறகுதான் அந்த ஊர் அங்கே வந்து உட்காருகிறது என்று தோன்றும்.

திருமங்கலத்தில் சாலை பிரியும் இடத்தில் அப்பா வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டார். அங்கிருந்த பலகையை வாசித்துவிட்டு நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் எல்லோரும் 'சோளவந்தான்' என்றுதான் சொல்வார்கள். சோளத்துக்கு வரும் ள. இந்தப் பலகையிலோ சிறப்பு ழ. இரண்டையும் மாற்றி எழுதியதற்காக முந்திய வாரம்தான் டீச்சரிடம் அடி வாங்கியிருந்தேன்.

"இது வேற ஊருப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். ழ வேற, ள வேற."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராக விட்டார்.

திருநகர் வந்தது. மதுரை வந்தது. சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். நான் தேடிய சோளம் எந்தப் பலகையிலும் இல்லை. அப்பா யாரிடமும் வழி கேட்கவில்லை. ஏதோ ஒரு திருப்பத்தில் வளைந்து வைகைக் கரையோடு ஓட்டினார். நாணல் பூத்துக் கிடந்த ஆற்றைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் வண்டியின் வெற்றிலை வாசம் ஊர் முழுவதும் பரவிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வரப்பில் நின்ற ஒருவர், "என்னண்ணே, இன்னைக்கு லோடு கெடையாதே?" என்று கேட்டுச் சிரித்தார். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு எங்களிடம் கேட்கிறார், பாவம்.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால் ஆகியிருந்தது. தாய்மாமனுக்குப் பதில் வேறொருவர் மடியில் வைத்துக் காரியத்தை முடிக்கலாம் என்று மாமா வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அத்தை பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள். "எங்கண்ணே வராம எம்புள்ள காதுல ஊசி படாது" என்று சொன்னாளாம். எங்களைப் பார்த்ததும் பிள்ளையை அப்பாவிடம் நீட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது.

ராகு காலம் கழியும்வரை ஊரே பந்தலில் காத்திருந்தது. பன்னிரண்டு தாண்டி, அப்பா மடியில் வீறிட்ட பிள்ளைக்குக் காது குத்தினார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா விடவில்லை. "என்ன மச்சான், இம்புட்டு நாள் இல்லாம இன்னைக்கு வழி மறந்துபோச்சாக்கும்?"

அப்பா என் தலையில் கைவைத்தார். "போர்டுல எழுத்தைத் தப்பா எழுதி வச்சிருக்காய்ங்க மாப்ள. எம்மகதான் கண்டுபுடிச்சா."

பந்தியே சிரித்தது. கோபமாக இருந்த அத்தைகூடச் சிரித்துவிட்டாள். போர்டு எழுதியவனை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எல்லோரையும்விடச் சத்தமாக நானும் சிரித்தேன்.