ஜட்ஜம்மாவும் புது ஆல்பமும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவள் வேலை. முன்னாலிருந்து பவர் எழுதிய சீட்டு வரும். சக்கரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஃபிரேமுக்குள் லென்ஸ் ‘டக்’கென்று உட்காரும்வரை தேய்ப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினால்கூட மறுபடி முதலிலிருந்து. இருபத்தாறு வருடத்தில் சரியில்லை என்று திரும்பி வந்தவை மூன்றே மூன்று கண்ணாடிகள். அதிலும் இரண்டின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தொரு வயதில் வெள்ளெழுத்து வந்தது. வேலை மேசையில் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு இருந்ததால் பிழைப்பு ஓடியது. வீட்டிலோ, மருந்து பாட்டிலைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்து, கையே போதவில்லை என்று முறைப்பாள். தனக்கென்று ஒரு கண்ணாடி செய்து மாட்டிக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை. ஊருக்குத்தானடி உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை ஏராளம். நாற்பது வருடமாகப் பாடிக்கொண்டிருக்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு ஹார்ட் ராக் குழு. கிடார்கள் இடிபோல இறங்கும், அதற்கு மேலே ஒரு மெட்டு தேனாக ஓடும். அந்த ஐவருக்கு அவள் ஊரில் பன்னிரண்டு ரசிகர்கள். பன்னிரண்டு பேருக்கும் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு. புது ஆல்பம் வந்தால் யார் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை அவளுடையது. ஒருமுறை, இரண்டு பாட்டில் டிரம்ஸ் வாசித்தது வேறு ஆள் என்று கேட்ட மாத்திரத்தில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து ஐவரில் ஒருவரே பேட்டியில் அதை ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அவள் பெயர் ஜட்ஜம்மா.

அவளை இந்தப் பைத்தியத்தில் தள்ளிவிட்டவர் அண்ணன். அவருக்குப் பதினாலு வயது, இவளுக்குப் பதினொன்று. அண்ணன் எங்கிருந்தோ ஒரு கேசட் கொண்டுவந்து போட்டார். பாட்டு முடிந்ததும் இவள் சொன்ன முதல் விமரிசனம், “இன்னொரு தடவை போடு.” அண்ணன் இப்போது பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருடம் இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் காது மந்தமாகிவிட்டது. போன மாதம்தான் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினார்.

இந்த நேரத்தில்தான் பதினொரு வருடம் கழித்து ஐவரின் புது ஆல்பம் அறிவிப்பு வந்தது. ரசிகர் குழுவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. பேக்கரிக்காரர் பன்னைக் கருகவிட்டார். கணக்கு டீச்சர் ‘இன்னும் ஒன்பது நாள், இன்னும் எட்டு நாள்’ என்று தினமும் காலையில் எழுதினாள். எல்லோருக்கும் ஒரே பயம்தான். பாடகருக்கு அறுபத்தாறு வயது, இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருந்தது. அந்தக் குரல் இன்னும் இருக்குமா?

ஜட்ஜம்மாவுக்கு இசைத்தட்டுதான் வேண்டும், போனில் கேட்பதெல்லாம் அவளுக்குக் கணக்கில் சேராது. அவளுடைய பார்சல், ஆல்பம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பே வந்து குதித்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, பார்சலில் இருந்த பெரிய தட்டு இரண்டில் முதலாவதை வைத்து ஊசியை இறக்கினாள்.

அப்பா! இப்படி ஒரு ஆல்பத்தை அந்த ஐவர் போட்டதே இல்லை. டிரம்ஸ் யானை நடப்பதுபோல நடந்தது. கிடார் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து இறக்கியது. குரலோ அடிக்கிணற்றிலிருந்து வந்தது. இளமையைக் காட்ட எந்த முயற்சியும் இல்லை, வயதை ஒப்புக்கொண்ட குரல். மூன்றாவது பாட்டில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்போதே குழுவில் எழுதினாள்: ‘மனுஷன் கிழவனாகிவிட்டார், அதை மறைக்கவில்லை. நாற்பது வருடத்தில் இதுதான் அவர்களுடைய தலைசிறந்த ஆல்பம். மூன்றாவது பாட்டு ஐந்தரை நிமிஷக் காவியம்.’ கூடவே ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம், எத்தனை செகண்டு என்று கடிகாரம் பார்த்துக் குறித்ததையும் போட்டாள்.

இரண்டு நாளில் மற்றவர்களும் போனில் கேட்டார்கள்.

“ஜட்ஜம்மா, எனக்கு வேகமாத்தான் கேக்குது,” என்று பேக்கரிக்காரர் மெதுவாகப் பேசி அனுப்பினார்.

“போன்ல கேட்டா அப்படித்தான் கேக்கும். அது எல்லாத்தையும் நசுக்கிடும்.”

பேக்கரிக்காரர் மறுபடி கேட்டார். “ஆமா, இப்பத்தான் புரியுது. என்ன ஒரு ஆழம்!”

கணக்கு டீச்சர் மட்டும் விடவில்லை. “மூணாவது பாட்டு எனக்கு நாலு நிமிஷம் ரெண்டு செகண்டுதான் வருது. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் இருபத்தேழுன்னு சொல்றீங்க. மத்த பாட்டும் அதே விகிதத்துல நீளுதே, அது எப்படி?”

“தட்டுலதான் முழுப் பாட்டு இருக்கும் டீச்சர். இது பாட்டு, பரீட்சைப் பேப்பர் இல்ல.”

அப்போதுதான் குழுவில் அண்ணன் குரல் வந்தது. ஐம்பத்து நாலு வயது மனுஷன் சின்னப் பிள்ளைபோலக் கத்தினார். “எல்லாரும் கேட்டீங்களா? குரல் அப்படியே இருக்குடா! மூணாவது பாட்டுக் கடைசில மேல எடுக்கிறாரே, அங்க பின்னாடி டிரம்ஸ்காரரோட சிம்பல் ஜால்ரா மாதிரி ‘சில்’லுன்னு விழுது. மெஷின் வழியா நேரா காதுக்குள்ள வருது. எத்தனை வருஷமாச்சு எனக்கு சிம்பல் கேட்டு! பாப்பா, நீ வேற ஏதோ எழுதியிருக்கியே?”

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. தீர்ப்பு எழுதின மை காயவில்லை, அதற்குள் சொந்த அண்ணனே அப்பீலா? யோசிக்காமல் தட்டிவிட்டாள்: ‘சிம்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் உன் மெஷினுக்கு பேட்டரியை மாற்று.’

பன்னிரண்டு பேரும் படித்தார்கள். அரை மணி நேரத்தில் பதினொருவர் ஆனார்கள். அண்ணன் குழுவை விட்டு விலகிவிட்டார்.

போன் பண்ணலாம் என்று அன்று பலமுறை கை போனது. ‘தப்பா சொன்னது அவன், நான் ஏன் இறங்கிப் போகணும்?’ என்று ரோஷம் தடுத்தது. அண்ணனும் கூப்பிடவில்லை. நாற்பது வருடத்தில் ஐவரின் ஆல்பம் ஒன்று வந்து, அண்ணனும் தங்கையும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. தலைசிறந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசிகர்கள் அவள் வீட்டில் கூடித் தட்டைக் கேட்பதாக ஏற்பாடு. நாற்காலி போட வந்தார் அவள் கணவர். தையல்காரர். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான் என்பது அவர் கொள்கை. தட்டைத் தூசி தட்ட எடுத்தவர், மூக்கில் தொங்கிய கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு நடுவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

“ஓரத்துல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே, என்னது? பாடுறவரோட வயசா?”

“எங்க?”

“இங்க பாரு, பொடி எழுத்துல.”

அவர் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பார்த்தாள். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று சுற்றுதான், அவளிடம் இருக்கிற அத்தனை பெரிய தட்டும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் வேகத்தை மாற்றும் பொத்தானைத் தொடவே இல்லை, வேகமாகச் சுற்ற வேண்டிய தட்டு மெதுவாகச் சுற்றியிருந்தது. யானை நடந்த டிரம்ஸும், இழுத்து இழுத்து இறங்கிய கிடாரும், அடிக்கிணற்றுக் குரலும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிந்தது. கிழவனாகிப்போனது பாடகர் இல்லை.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவமானத்தைவிட அண்ணன் சொன்ன அந்த ஒரு வரிதான் அவளைக் குத்தியது. எத்தனை வருஷமாச்சு எனக்கு சிம்பல் கேட்டு!

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை, நின்ற வாக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். எல்லோரும் வீடு அதிரச் சிரித்தார்கள்.

“அப்ப, நீங்க கேட்ட அந்த ஆழம்?” என்று கணக்கு டீச்சர் பேக்கரிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஜட்ஜம்மா சொன்னா இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்.” பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். “சரி, விடுங்க. இப்ப சரியான வேகத்துல போடுங்க, கேப்போம்.”

அவள் கை பொத்தான் வரைக்கும் போய் நின்றது. “இல்ல. அண்ணன் இல்லாம கேக்க மாட்டேன். உங்க வேன் வெளியில நிக்குதா?”

பன் ஏற்றும் வேனில் ரெக்கார்டு பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் ஏறின. டீச்சர் தட்டை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டாள். நாலு மணிக்கு அண்ணனுக்கு இடைவேளை என்பது ஜட்ஜம்மாவுக்குத் தெரியும்.

பஸ் டெப்போவின் ஓய்வறையில் இரும்பு அலமாரிகள், ஒரு நீள பெஞ்சு, அதில் தொப்பியால் முகத்தை மூடித் தூங்கும் ஒரு கண்டக்டர். அண்ணன் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன, பேட்டரி கொண்டாந்தியா?”

“கண்ணாடி கொண்டாந்தேன். எனக்கு.”

அவள் கணவரின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவர் எதிரே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். “உன் காது சரியாத்தான் இருக்குண்ணா. என் கண்ணுதான் போச்சு. வாய்க் கொழுப்பு வேற. மன்னிச்சிடுண்ணா.”

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் புருவம் மெல்ல மேலே ஏறியது.

“இரு. அப்ப மூணாவது பாட்டுல அவர் மேல எடுக்கிற இடம்?”

“எனக்கு அது அடிக்கிணத்துக்குள்ளயேதான் இருந்துச்சு.”

“சிம்பல்?”

“தகரம் உருண்ட மாதிரி இருந்துச்சு.”

“அப்ப நீ இன்னும் ஒரு பாட்டுகூடக் கேக்கலையா?”

“இல்லண்ணா.”

“அடிப்பாவி!” அண்ணன் எழுந்தே விட்டார். “குடுத்து வச்சவடி நீ! நான் முப்பது தடவை கேட்டாச்சு. முதல் தடவை கேட்ட மாதிரி திரும்ப வருமான்னு ஏங்கிக்கிட்டு இருக்கேன். உனக்கு அது தொடாம முழுசா இருக்குதே!”

அதற்குமேல் அவர் கால் தரையில் நிற்கவில்லை. தூங்கிய கண்டக்டரை எழுப்பி நகர்த்தினார், பெஞ்சின் நடுவில் தங்கையை உட்கார வைத்தார், ஸ்பீக்கரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தார். “யாரும் வாயத் திறக்கக் கூடாது. பாப்பா முதல் தடவையா கேக்கப் போறா,” என்று அறைக்கே உத்தரவு போட்டார். பிறகு தட்டை அவளிடம் நீட்டினார். “நீயே படி.”

“நாப்பத்தஞ்சு.”

பொத்தானை மாற்றி, மூன்றாவது பாட்டுக்கு ஊசியை அவரே இறக்கினார். கிடார் சீறிக்கொண்டு கிளம்பியது. குரல் வந்தது. அதே குரல்தான், பதினொரு வயதில் கேட்ட அதே குரல். ஜட்ஜம்மா பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் குரல் மேலே ஏற ஏற, அண்ணன் ஒரு விரலைத் தூக்கிக் காத்திருந்தார். குரல் உச்சியைத் தொட்டதும் விரலை இறக்கினார். சிம்பல் ‘சில்’லென்று விழுந்தது.

நாலு நிமிஷம் ரெண்டு செகண்டில் பாட்டு முடிந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“தீர்ப்பு?” என்றாள் கணக்கு டீச்சர்.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை போடு.”