டெய்லர் எழுதி வைத்த சீட்டு

பதுளையில் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தேன். போன வாரம் அரை மணி நேரம் என்னை அளவெடுத்த டெய்லர், முப்பது வயதுப் பெண், இன்று என்னை யாரோ போலப் பார்த்தாள்.

"மஞ்சள் ப்ளவுஸ், லைனிங் வச்சது, கை நீளம் வேணும்னேனே, ஸ்பிரிங்வெளி பஸ் போயிரும்மா" என்று படபடத்தேன்.

"அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. ஒன்னொன்னா சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"எட்டு வயசுல தலைக்குள்ள கட்டிங்க. ஆபரேஷன் பண்ணி, கேன்சருக்கு வைக்கிற கரண்டு வச்சாங்க. கட்டி போயிருச்சு. ஆனா இன்னைக்கும் வேகமா பேசுனா மண்டையில ஏறாது, ஆள் முகமும் நிக்காது. அதான் எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிறேன்."

தொங்கிய ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது.

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தேன். என் வலது தோள் சற்று இறங்கியிருக்கும். எந்த டெய்லரும் கவனித்ததில்லை. இவள் அதற்கும் சேர்த்துத் தைத்திருந்தாள். உடம்போடு பிறந்தது போல இருந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"என் மூளைய நம்ப மாட்டேங்க. மூணு வாட்டி அளப்பேன்."

காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ப்ளவுஸில் சீட்டு அப்படியே இருந்தது. அளவுகளுக்குக் கீழே கடைசி வரி:

"டீச்சர். வேகமா பேசுவாங்க. பயப்படாம நிறுத்தச் சொல்லணும்."

இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளையும் என்னை நிறுத்தச் சொன்னதில்லை. எல்லாருக்கும் புரிகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னிடம் படித்தவர்கள் சிலர் இதை வாசித்துக்கொண்டு இங்கே இருக்கிறீர்கள். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள்.