உறுமாத நாய்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை போட்டிருந்த ராணியம்மாளுக்கு ஆண் துணை கிடையாது. புருஷன் சுப்பன் லாரியில் கிளீனராகப் போனவன், பெங்களூர்ப் பக்கம் எவளோடோ குடித்தனம் நடத்துவதாகக் கேள்வி. கட்டையில் போகிறவன், எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும். கடைக்குப் பின்னால் ஓலைத் தடுப்பு, அதுதான் அவள் வீடு. பௌர்ணமிக் கூட்டத்தோடு குடிகாரர்களும் வருவார்கள். தடுப்பைத் தட்டிப் பார்ப்பார்கள்.

வாசலில் ஒரு செவலை நாய் வந்து ஒட்டிக்கொண்டதும், டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்ல ஆரம்பித்தாள். “கிட்ட போயிடாதீங்க, உறுமும்.” குரைக்கும் என்று சொல்லவில்லை. குரைப்பது தெருவுக்கே கேட்கிறாற்போல் போடுகிற சத்தம். உறுமுவது எதிரே நிற்கிறவன் ஒருத்தனுக்கு மட்டும், அதற்கப்புறம் பல்தான். அந்தப் பேச்சு பரவியது, தடுப்பைத் தட்டுவது நின்றது. செவலையோ, அட ராமா, வருகிறவன் போகிறவன் காலையெல்லாம் நக்கும்!

தொண்ணூற்றேழில் தீபத்துக்கு முந்தின வாரம், மத்தியான வெயிலில் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. கடிக்கிற நாய் இருக்கிறதா என்று எதிர்க்கடை கோதண்டராமனிடம் கேட்டார்கள். செவலைதான் உறுமும் என்று அவன் கையைக் காட்டினான். அவனைச் சொல்லி என்ன? அவள் சொன்னதைத்தானே சொன்னான்.

ராணியம்மாள் ஓடி வந்தாள். “அது உறுமாதுங்க. ஒண்டியா கெடக்கறேன், ஒரு பயத்துக்கு நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன்.”

இதைச் சொல்ல அவளுக்கு உயிரே போயிற்று. அதற்குள் சுருக்கு செவலையின் கழுத்தில் இறுகிவிட்டது. வலியில் அது உறுமியது. பிறந்ததிலிருந்து முதல் தடவை.

“இதாம்மா உறுமாத நாயி?” என்று கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரமும் வரவில்லை. டீத்தூள் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். கோதண்டராமன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். தெரியாமல் சொல்லிவிட்டதாக முனகினான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“யாரு கேட்டாலும், செவலைய நான் உள்ள கட்டி வச்சிருக்கேன்னு சொல்லுப்பா. இப்போ ஜாஸ்தியா உறுமுதுன்னு சொல்லு.”

அவன் சரி என்று தலையாட்டினான். அன்று சாயங்காலமே யாரிடமோ சொல்லவும் செய்தான்.