காற்றுக்கு விட்ட ஓட்டைகள்

எங்கள் தொழிலில் சுவர் எழுப்புவது சுலபம், அதில் விட்ட ஓட்டையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஏசி இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஆர்க்கிடெக்டுகள் யாராவது இதைப் படித்தால், எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

எனக்கு மாட்டியது திருப்பத்தூர் சாலையில் ஒரு கண்காட்சிக் கூடம். சிமென்ட் குறைவு, சுண்ணாம்புப் பூச்சு, இடித்த வீடுகளின் கதவுகள், கூரையில் சோலார். கட்டடம் வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய பூஜ்யம். மேற்குச் சுவரின் அடிப்பகுதி ஓட்டைகள் வழியே காற்று நுழையும், கூரையடி ஓட்டைகள் வழியே சூடு வெளியேறும். கூடத்தைக் கட்டும் கமிட்டியின் தலைவர் ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: “திறப்பு விழா அன்னைக்கு ஒருத்தர் அழைப்பிதழ எடுத்து விசிறுனாலும் மறுநாளே ஏசி வந்துரும், பாத்துக்கங்க.”

மேஸ்திரி செய்த உதவி

இரண்டு நாள் மதுரைக்குப் போய்விட்டு வந்தேன். மேற்குச் சுவரில் ஒரு ஓட்டையைக்கூடக் காணோம். வழவழவென்று பூசியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேஸ்திரி காளிமுத்து என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “அடைக்க மறந்துட்டீக போல மேடம். நானே பூசி விட்டுட்டேன், தலைவர்ட்ட சொல்லல.”

பகல் விளக்கு

ஓட்டைகளை மறுபடி கொத்தித் திறந்தோம். அடுத்தது வாட்ச்மேன் சுப்பையா, கண்டனூர்க்காரர். பகல் வெளிச்சத்துக்கென்றே வடக்கே உயரத்தில் கண்ணாடி வைத்திருக்கிறேன். அவரோ காலையில் வந்ததும் எல்லா சுவிட்சையும் தட்டிவிடுவார். நான் அணைப்பேன். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி எரியும். கடைசியில் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்: “நம்ம பக்கம் லைட் எரியலைன்னா ஆளில்லாத வீடுன்னு அர்த்தம் மேடம். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருவாக.”

திறப்பு விழா

அழைப்பிதழே அச்சடிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், காகிதம் மிச்சம் என்று கெஞ்சியிருந்தேன். என் உள்நோக்கம் உங்களுக்குப் புரியும். வந்ததோ முறம் அகலத்துக்குக் கெட்டி அட்டை.

விழா அன்று கூடத்துக்குள் காற்றே அசையவில்லை. தலைவர் மேடையிலிருந்து கூட்டத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஓர் அட்டை எழுந்தது. பின்னால் இன்னும் இரண்டு. வெளியே ஓடினேன். மேற்குச் சுவரை முழுக்க மூடி ஒரு ஃபிளக்ஸ் பேனர், அதில் கும்பிட்டபடி தலைவர். பந்தல்காரரின் கத்தியைப் பிடுங்கி, ஓட்டை இருந்த இடமெல்லாம் கிழித்தேன். தலைவரின் வேட்டி முழுக்கப் போயிற்று.

உள்ளே வந்து பார்த்தால் அட்டைகள் மடிக்குத் திரும்பியிருந்தன. கூட்டம் கலைந்ததும் தலைவர் பேனரிடம் போய், கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். “மூணு பேரு விசிறுனாக, பெறகு நிறுத்திட்டாக. அது போதும், ஏசி வேணாம்,” என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “பேனர் மட்டும் புதுசாச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவ தகரத்துல, கிழியாது.”

இப்போதெல்லாம் என் கைப்பையில் ஸ்கேல், பென்சிலோடு தகரம் வெட்டும் கத்தரியும் இருக்கிறது.