டாக்டர் சொல்லாத பத்தியம்

1911-ம் வருஷம், ஆடி மாதம், கொழும்பில் நடந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. தச்சநல்லூர்க்காரனான நான் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலேறினேன். கடல் கடந்தது அதுதான் முதல் தடவை. ஆவணியில் என் கடைசி மகளுக்குக் கல்யாணம். கொழும்பில் கடை வைத்திருந்த என் தங்கை புருஷனையும் தங்கையையும் நேரில் அழைக்க வேண்டும். போன காரியம் அது ஒன்றுதான்.

கடிதம் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பதினோரு வருஷத்துக்கு முன் அவர்கள் பையனுடைய காதுகுத்துக்கு நான் முக்கால் மணி நேரம் பிந்திப் போனேன். தாய்மாமனான எனக்குக் காத்திராமல், வேறொருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். நான் பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் திரும்பிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. தங்கை மூன்று கடிதம் எழுதினாள், நானும் மூன்று எழுதினேன். மாப்பிள்ளை ஒரு வரி எழுதவில்லை. தங்கை புருஷனை நான் அப்படித்தான் கூப்பிடுவது. அவர் வீட்டில் நான் ஒரு வேளையாவது சாப்பிட்டால்தான் அவர் என் வீட்டுப் படி ஏறுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

கப்பலிலேயே இடது இமையில் ஒரு கண்கட்டி கிளம்பிவிட்டது. கொழும்பில் இறங்கும்போது கண் பாதி மூடியிருந்தது. மகள் கல்யாணத்தை ஒற்றைக் கண்ணால் பார்க்க நேருமோ என்று எனக்கு ஒரே கலக்கம். மாப்பிள்ளை வாசலில் என்னிடம் பேசியது இரண்டே வார்த்தை. ஒன்று "வாங்க". மற்றது, தெருமுனையில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டருக்கு வழி.

எனக்கு முன் மூன்று பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும், எந்த மணிக்கு வலி தொடங்கியது, எத்தனை தடவை கண் துடித்தது என்றெல்லாம் ஒப்பித்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்டும் பயமில்லை, ஐயா. நாலு நாளில மாறிவிடும்" என்றார். ஒரு டப்பியில் களிம்பு கொடுத்தார், ஒரு நாளைக்கு நாலு தடவை வெந்நீர் ஒத்தடம் என்றார். பத்தியம் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, வழக்கம்போலச் சாப்பிடலாம் என்றார். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் ஊர் வைத்தியர் ஒரு சிட்டிகை சூரணம் தந்தாலே பதினாறு பண்டம் தொடக்கூடாது என்பார். பத்தியம் இல்லாத மருந்து என்ன மருந்து? மூன்று நாள் பாலும் பழமும்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் இலை போட்டுத் தங்கை காத்திருந்தாள். சொதி, இஞ்சிப் பச்சடி, கத்தரிக்காய்க் கறி என்று மொத்தம் ஒன்பது வகை. நானாக வைத்த பத்தியம் என்றால் விடமாட்டாள். அதனால் டாக்டர் உத்தரவு என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடி, பாலைக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை என் இலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மத்தியானம் அவர் வந்த வேகமே சரியில்லை. வழியில் டாக்டரைப் பார்த்து என் கண்ணைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

"அத்தான், டாக்டரு பத்தியமே சொல்லலையாமே. என் வீட்டுச் சோத்துல கை நனைக்கப் பிடிக்கலைன்னா ஊர்ல இருந்தே எழுதியிருக்கலாம்லா? அதைச் சொல்லவா கப்பலேறி வந்திய?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கல்யாணத்தை நினைத்து அதை விழுங்கினேன்.

"அவரு சொல்லல, மாப்பிள்ளை. நானா வச்சுக்கிட்டேன். பத்தியம் இல்லாம மருந்து எப்படிக் கேக்கும்? கண்ணு போயிருமோன்னு பயம்."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுப்படி நிலையில் நின்ற தங்கைதான் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல என்ன அதிசயம்? போன மாசம் இதே டாக்டருட்ட இருமலுக்கு மருந்து வாங்கிட்டு, அவரு சொல்லாமலே ஒம்பது நாளு நீங்க புளியைத் தொடலையே."



"எட்டு நாளுதான்" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏளா, உப்பு புளி இல்லாம சோறு வடி. பத்தியச் சோத்துல கை நனைக்கலாம்லா, அத்தான்? எனக்கும் அதையே போடு" என்றார்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை. வெறும் சோறு, வேகவைத்த பாசிப்பருப்பு. ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகம் கோணியது. ஆனாலும் மறுசோறு கேட்டு வாங்கினார். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவியதும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து இருவரையும் அழைத்தேன்.

நாலாம் நாள் கட்டி உடைந்து கண் தெளிந்தது. களிம்பாலா, பத்தியத்தாலா என்று நாங்கள் இருவரும் இன்னும் தர்க்கம் செய்கிறோம். கல்யாணத்துக்கு அவர்கள் ஆறு நாள் முன்னாலேயே வந்து, வேலையைத் தம் வேலையாக எடுத்துச் செய்தார்கள். டாக்டர் பேரைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டபோது விலகிப் போனவர், பயமாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்பதை, யாரிடமாவது ஒரு சாக்குச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.